தன் படுக்கையை விட்டுக்கொடுத்த பணிப்பெண்



பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன தாயையோ, கண்பார்வை மங்கிய மாமியையோ வீட்டில் வைத்துப் பராமரித்தவர்களுக்கு நாம் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. இரவில் எத்தனை தடவை எழும்ப வேண்டும், முதுகில் புண் வராமல் எப்போது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், மருந்து முடிவதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கின்றது, நாளைக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்க யார் இருப்பார் என்ற கணக்கு முழுவதையும் பெரும்பாலும் ஒரேயொரு மகளோ மருமகளோதான் தன் தலையில் சுமந்துகொண்டிருப்பாள். ஆண்மக்கள் பணம் அனுப்புவார்கள், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்த ஒருத்தி படுத்துவிட்டால் என்ன நடக்கும்?

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்சு தேசத்தின் ஒரு துறைமுகப் பட்டினத்தில் அதுதான் நடந்தது. ஆன் சோவான் என்னும் முதிய விதவை, கண் தெரியாதவர், உடம்பின் ஒரு பக்கம் வழங்காதவர். அவரைப் பார்த்துவந்தவர் அவருடைய சொந்தச் சகோதரி. அந்தச் சகோதரியே நோயுற்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டாள். கிழவி தனித்துப்போனாள். இச்செய்தி, கூலிக்கு வீட்டு வேலையும் சலவையும் செய்து சீவித்த 47 வயதுப் பெண்ணொருத்தியின் காதில் விழுந்தது. அவள் பெயர் ஜீன் ஜுகான். இன்று புனித ஜீன் ஜுகான் என்றும், ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தவர் என்றும் உலகம் அறிந்த அம்மையார் இவரே. 1982 ஒக்டோபர் 3ஆம் திகதி திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர் இவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2009 ஒக்டோபர் 11ஆம் திகதி திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் இவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கொழும்பில் இச்சபையினரின் முதியோர் இல்லத்தை உங்களுள் பலர் அறிவீர்கள்.

பீடத்தில் வைத்த சுரூபமாக அல்லாமல், வீட்டில் ஒரு வயோதிபரைப் பார்க்கும் பெண்ணின் பக்கத்தில் வைத்து இவருடைய சரித்திரத்தைச் சொல்லிப்பார்க்க விரும்புகின்றோம். அங்கேதான் அது நன்றாக விளங்கும்.

பிரான்சின் மேற்கே, பிரெத்தாஞ் கரையில் கங்கால் என்னும் மீனவ ஊரில் 1792 ஒக்டோபர் 25ஆம் திகதி ஜீன் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி கொழுந்துவிட்டெரிந்த காலம். கோயில்கள் மூடப்பட்டன, குருக்கள் ஒளிந்து திரிந்தனர். பிள்ளைக்கு நாலு வயது நிரம்பு முன்பே, கடலுக்குப் போன தகப்பன் கரை திரும்பவில்லை. கடற்கரைக் குடும்பங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. விதவைத் தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினாள். ஜீன் சிறு வயதில் ஆடு மாடு மேய்த்தார். கம்பளி நூல் நூற்கப் பழகினார். 16 வயதில் அயலூர்ச் சீமாட்டி ஒருவரின் மாளிகைக் குசினியில் வேலைக்கு அமர்ந்தார். அந்தச் சீமாட்டி ஏழைகளின் வீடுகளுக்குப் போகும்போது இந்தப் பெண்ணையும் கூட்டிச்செல்வது வழக்கம். கையில் கொண்டுபோகும் சாமானைவிட, அதை எப்படிக் கொடுப்பது என்பதே முக்கியம் என்று அங்கே அவர் கற்றிருக்க வேண்டும். ஒரு கடலோடி அவரை மணமுடிக்கக் கேட்டான். தம்மை ஆண்டவர் வேறொன்றுக்கு வைத்திருக்கின்றார் என்று தாயிடம் சொல்லி மறுத்துவிட்டார். அது என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது.

1817இல், 25 வயதளவில், நல்ல உடுப்புகளைத் தம் சகோதரிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சென் செர்வான் என்னும் பட்டினத்துக்குப் புறப்பட்டார். இன்று அது சென் மாலோ நகரத்தோடு இணைந்த பகுதி. அங்கே ரோசே வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்கும் வேலை கிடைத்தது. தாதிகளுக்கென்று பாடசாலை இல்லாத காலம் அது. நைற்றிங்கேல் அம்மையார் லண்டனில் தமது பாடசாலையைத் தொடங்கியதே 1860இல்தான். புண் கழுவுவது, படுக்கை மாற்றுவது, நடக்க முடியாதவரைத் தூக்குவது, சாகிறவரின் அருகில் இருப்பது ஆகியவற்றைச் செய்து செய்தே பழக வேண்டும். ஆறு வருடம் செய்தார். முடிவில் உடம்பு தளர்ந்து, வேலையை விட்டு விலக வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பிற்காலத்தில் முதியோரின் தாய் எனப் போற்றப்பட்டவர், நோயாளரைப் பராமரித்தே ஒருமுறை உடைந்துபோனவர். புனிதர்களின் சரித்திரம் எழுதுவோர் இதை ஒரு வரியில் தாண்டிச் செல்வர். வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கோ இது சிறிய செய்தியல்ல.

அவரை அப்போது தம் வீட்டில் ஏற்றுக்கொண்டவர் லெகொக் என்னும் கன்னிப்பெண். ஜீனைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர், பக்தியுள்ளவர். பெயருக்குத்தான் எசமானியும் வேலைக்காரியும். உண்மையில் இரு தோழிகள். இருவரும் ஒன்றாகச் செபித்தனர், சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்தனர், ஏழைகளைப் பார்த்துவந்தனர். இப்படிப் பன்னிரண்டு வருடம். 1835இல் லெகொக் நோயுற்று இறக்கும்வரை அருகிலிருந்து பணிவிடை செய்தவர் ஜீன். சிறு தொகையும் சில தட்டுமுட்டுச் சாமான்களும் அவருக்கு எஞ்சின. பின்னர் பிரான்சுவாஸ் ஓபேர் என்னும் எழுபது வயது தாண்டிய மூதாட்டியோடு சேர்ந்து ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளையும் கூரையடி மச்சையும் வாடகைக்கு எடுத்தார். விர்ஜினி என்ற அநாதைப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். மூதாட்டி நூல் நூற்பாள். ஜீன் வெளியே கூலிக்குப் போவார்.

அந்த மச்சு வீட்டுக்குத்தான் ஆன் சோவான் கொண்டுவரப்பட்டாள். படிக்கட்டு ஒடுக்கமானது, கிழவியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஜீன் தமது படுக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கூரையடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சபையின் பிறப்பு என்று வரலாறு குறிப்பது அந்த இரவையே. அவ்விரவில் எவரும் சபை எதையும் நினைக்கவில்லை என்பது வேறு விடயம். அடுத்த நாட் காலையில் வேலைக்குப் போகவேண்டும். போனால் கிழவியை யார் பார்ப்பது, போகாவிட்டால் பாணுக்கு யார் உழைப்பது என்ற கேள்விதான் முன்னே நின்றிருக்கும்.

இரண்டாவதாக வந்தவளின் கதையை நீங்கள் முக்கியமாக அறியவேண்டும். இசபெல் என்பது அவள் பெயர். முதிய எசமானருக்கும் எசமானிக்கும் பணிசெய்தவள். அவர்கள் ஏழ்மைக்கு வந்தபோது அவள் விட்டுப்போகவில்லை, சம்பளமில்லாமல் உழைத்தாள், தன் சேமிப்பை அவர்களுக்குச் செலவழித்தாள், அதுவும் தீர்ந்தபின் அவர்களுக்காகப் பிச்சை எடுத்தாள். இருவரும் இறந்தனர். அதற்குள் அவளும் கிழவியாகி, உழைக்கப் பலமற்று, போக இடமின்றி நின்றாள். தாங்கியவளைத் தாங்க ஒருவரும் இல்லை. ஜீன் அவளையும் உள்ளே எடுத்தார். ஆக, அந்த மச்சு வீட்டின் முதல் இருவரில் ஒருத்தி, பராமரித்தவர் படுத்ததால் தவித்தவள். மற்றவள், பராமரித்துப் பராமரித்தே ஓய்ந்தவள். அநாதரவான முதுமை எங்கே தொடங்குகின்றது என்பதை இந்த இருவரின் கதையும் போதுமான அளவு காட்டிவிடுகின்றது.

மேலும் பலர் வந்தனர். 1840இல் ஜீன், விர்ஜினி, மரி ஜமே என்ற இன்னொரு இளம்பெண் ஆகிய மூவரும், லெ பையேர் என்னும் உதவிக் குருவின் வழிகாட்டலில் ஒரு சிறு பக்தி அமைப்பாகச் சேர்ந்தனர். இளையவர்கள் பகலில் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் கிழவிகளைப் பார்த்தனர். மச்சு போதாமல், 1841இல் முன்பு தவறணையாக இருந்த ஒரு கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்தனர். அங்கே பன்னிரண்டு மூதாட்டிகள். அடுத்த வருடமே கடனை நம்பி ஒரு பழைய கன்னியர் மடத்தை வாங்கும் நிலை வந்தது.

இவர்களுக்கெல்லாம் சோறு எங்கிருந்து வந்தது? அம்மையாரின் நெஞ்சத்தைப் பலரும் புகழ்கின்றனர். அவருடைய புத்தியைப் போதியளவு புகழ்வாரில்லை. வந்த கிழவிகளுள் பலர் முன்னர் வீடுவீடாகப் பிச்சை எடுத்தவர்கள். திரும்பவும் தெருவுக்கு அனுப்பினால் குளிரில் விழுவார்கள். கிடைத்த காசைக் குடியில் தொலைப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஜீன் ஒவ்வொருத்தியையும் இருத்திவைத்து, உனக்கு யார் யார் தருகின்றார்கள், எந்த நாளில் தருகின்றார்கள், என்ன தருகின்றார்கள் என்று கேட்டறிந்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு அதே வாசல்களுக்குத் தாமே போனார். இன்னாருக்கு நீங்கள் கிழமைதோறும் தருவதை இனி என்னிடம் தாருங்கள், அவள் என் வீட்டில் சுகமாக இருக்கின்றாள் என்பதே அவர் கேட்ட கேள்வியின் சாரம். இப்படி ஒவ்வொருத்திக்கும் இருந்த சிறுசிறு தொடர்புகளை அறுக்காமல் ஒன்றுசேர்த்துத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பழைய துணி, மீந்த பாண், விறகு, கம்பளி, சல்லிக்காசு எல்லாம் அந்தக் கூடைக்குள் வந்தன. இயன்ற மூதாட்டிகள் நூல் நூற்றார்கள், துணி தைத்தார்கள். சும்மா இருந்து உண்பதாக எவரும் எண்ணவேண்டியிருக்கவில்லை.

நூலாசிரியர்கள் இன்று இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கின்றனர். ஸ்பெயின் தேசத்தின் அந்தலூசியாவில் 2002ஆம் ஆண்டு குடும்பங்களுக்கு உதவும் திட்டமொன்று வகுக்கப்பட்டபோது, தம் காரியத்தைத் தாமே பார்க்க இயலாத முதியோருக்கென்று தனியாகத் தாதிகள் நியமிக்கப்பட்டனர். அத்தாதி வீட்டுக்கு வருவார். நோயாளியை மட்டுமல்ல, பராமரிப்பவரையும் பார்ப்பார். வைத்தியர், சமூகசேவை அலுவலர், வைத்தியசாலை என்று சிதறிக்கிடப்பவற்றை ஒரே கையில் பிடிப்பார். உயர்த்தி இறக்கும் கட்டிலும் புண் வராத மெத்தையும் கிடைக்கச் செய்வார். தூக்குவதும் திருப்புவதும் எப்படியென்று மகளுக்குக் காட்டிக்கொடுப்பார். இவற்றுட் சில ஜீனின் காலத்தில் எவரும் கனவிலும் காணாதவை. ஆனால் ஒரு கிழவியின் முழுக் கணக்கையும் ஒருவர் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்ற அடிப்படை, அந்தக் கூடைக்காரியிடம் இருந்ததே.

பிச்சை கேட்பது அவருக்கு எளிதாக இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பிரெத்தாஞ் மக்கள் மானம் மிக்கவர்கள். முதல் நாட்களில் வாசலில் நிற்கவே கூசினார். இறைவனின் அருளப்பர் சபைத் துறவிகள் இவ்விடயத்தில் அவரைத் திடப்படுத்தினர். ஒருமுறை ஒரு செல்வர் கோபித்து அவரை அறைந்ததாகவும், அந்த அறை எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது தாருங்கள் என்ற கருத்தில் அவர் மறுமொழி சொன்னதாகவும் சபையினர் சொல்லிவருகின்றனர்.

முதலில் பெண்களை மட்டுமே எடுத்தனர். பின்னர், ஈரம் கசியும் நிலவறையொன்றில் கந்தலோடு கிடந்த ரொடோல்ப் லேனே என்ற வயோதிபக் கடலோடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஜீன் அவரைக் கழுவித் துடைத்து மாற்றுடுப்பு உடுத்திக் கூட்டிவந்தார். ஆண்களுக்கும் கதவு திறந்தது. தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவருக்கு அந்த முதியவரின் முகத்தில் எவர் முகம் தெரிந்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகின்றோம்.

1845 டிசம்பர் 11ஆம் திகதி, பாரிசிலுள்ள பிரெஞ்சு அறிஞர் பேரவை அவருக்கு நற்செயலுக்கான மொந்தியோன் பரிசாக 3,000 பிராங் வழங்கியது. பெரிய மனிதர்கள் கூடிய சபையில், இத்தனை பேரின் செலவை இப்பெண் எவ்வாறு ஈடுசெய்கின்றாள் என்று வியந்து பேசினார்கள். ஜீன் பணத்தைக் கடனுக்கும் கூரைக்கும் செலவழித்தார். அந்தப் பேச்சை அச்சிட்டு, பிச்சைக்குப் போகும் புதிய ஊர்களில் அறிமுகக் கடிதமாகக் காட்டினார். புகழையும் கூடைக்குள் போட்டுக்கொண்டார் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அந்தப் பரிசு கிடைக்கும்போதே அவர் தலைவியாக இருக்கவில்லை. 1843 டிசம்பரில் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தெரிந்தெடுத்தார்கள். இரண்டு கிழமை கழியுமுன், லெ பையேர் குரு அத்தெரிவைத் தம் சொந்த அதிகாரத்தில் தள்ளிவிட்டு, இருபத்துமூன்று வயது மரி ஜமேயை நியமித்தார். காரணம் எதுவாயினும் அது நீதியான செயலல்ல. ஜீன் வாதாடவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். ரென், தினான், தூர், ஆன்சே என்று வீடுகள் பெருகின. அவற்றைக் காப்பாற்றியது அவருடைய கால் நடைதான்.

ஆன்சேயில் நடந்த இரு சிறு காரியங்களை விட்டுவிட மனம் வரவில்லை. அங்கே முதியோர் வெறும் பாண் தின்பதைக் கண்டார். வெண்ணெய் இல்லையாம். வெறுமையான வெண்ணெய்ச் சட்டிகளைக் கொண்டுபோய்ச் சூசையப்பரின் சுரூபத்தடியில் வைக்கச் சொன்னார்; சில நாட்களில் எவரோ நிறைய வெண்ணெய் அனுப்பினார்கள். இன்னொரு தடவை, திருநாளன்று கிழவர் கிழவிகள் மகிழவேண்டுமென்று, பட்டாளத்துக் கேணலிடம் போய் வாத்தியக் குழுவை இரவல் கேட்டார். வாத்தியக் குழு வந்தது. வயோதிபருக்கு உணவும் மருந்தும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கதையைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். படுக்கையில் கிடக்கும் உங்கள் தாய் கடைசியாக ஒரு பாட்டுக் கேட்டது எப்போது?

1852இல் ரென் மறைமாவட்ட ஆயர் சபையை அங்கீகரித்தார். அதே வருடம் ஜீன் தாய்மடத்துக்கு அழைக்கப்பட்டார். இனி வெளியே பிச்சைக்குப் போகவேண்டாம், உதவி செய்வோரோடு தொடர்பும் வேண்டாம் என்பது கட்டளை. அவருக்கு அப்போது வயது அறுபதும் நிரம்பவில்லை. அன்றுதொட்டு இறக்கும்வரை இருபத்தேழு வருடம் சிலுவையின் மரி என்னும் பெயரோடு ஒதுங்கி வாழ்ந்தார். 1856 முதல், சென் பேர்ன் என்னும் ஊரிலுள்ள புதிய தாய்மடத்தில், நவகன்னியரின் நடுவே இருந்தார். தங்களுக்கு ஊசிவேலையும் பொறுமையும் கற்றுத்தந்த இந்தக் கிழச் சகோதரியே சபையைத் தொடங்கியவர் என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது.

ஒருமுறை மட்டும் அவர் குரல் கேட்கப்பட்டது. 1865இல், ஒருவர் கொடுத்த நிலையான வருமானத்தைச் சபை ஏற்கலாமா என்ற பிரச்சினை எழுந்தபோது, அவரையும் ஆலோசனைக்கு அழைத்தனர். வேண்டாம் என்றார். நாளாந்தம் கேட்டு வாங்கும் உறவு அறுந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். சபை அதையே ஏற்றுக்கொண்டது. முடிவுப் பத்திரத்தில் அவருடைய கையொப்பமும் உள்ளது.

கடைசி வருடங்களில் கண்பார்வை ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. ஊன்றுகோலோடு, இளம் சகோதரிகளின் துணையில் நடந்தார். வாழ்நாளெல்லாம் பிறரின் முதுமையைத் தாங்கியவருக்குத் தம் முதுமையைப் பிறர் கையில் கொடுக்க வேண்டிய முறை வந்தது. பராமரிப்பதைவிடப் பராமரிக்கப்படுவது கடினம் என்று சொல்வார்கள்; பெரியவர்கள் உள்ள வீட்டில் இது தெரிந்த உண்மை. அவர் அதைக் குறையின்றிச் செய்தார் என்றே அருகிலிருந்தோர் சாட்சி சொன்னார்கள். 1879 மார்ச் மாதம் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்தார். அதே வருடம் ஓகஸ்ட் 29ஆம் திகதி, 86ஆவது வயதில், ஜீன் கண்மூடினார். அப்போது சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள் இருந்தனர்.

கல்லறையில் அவரைச் சபையின் மூன்றாவது சகோதரி என்று பொறித்தார்கள். தொடக்கத்தின் கதை முழுவதும் லெ பையேர் குருவின் பெயரில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. 1890இல் ரோமையின் விசாரணைக்குப் பின் அவர் பதவியினின்று விலக்கப்பட்டார். மூன்று வருடம் கழித்து, 1893இல், மரி ஜமே மரணப் படுக்கையில் கிடந்தார். அரை நூற்றாண்டாகத் தலைவியாக இருந்த அவர், தாம் முதலாவது சிறிய சகோதரியல்ல என்றும், சபையைத் தொடங்கியவர் தாமல்ல என்றும், அப்படி நடந்துகொள்ளும்படி தமக்குச் சொல்லப்பட்டிருந்ததென்றும் வெளிப்படுத்தியதாகச் சபையின் வரலாறு கூறுகின்றது.